அடக்க ஏற்பிக்கு நல்லடக்கம்

உயிரோடு இருக்கும் விஞ்ஞானியை யார் வேண்டுமானாலும் கௌரவித்துவிடலாம். கேட்ட பொருளை வாங்கிக் கொடுத்தால் போதும். அதில் என்ன திறமை இருக்கிறது? இறந்த விஞ்ஞானியைக் கௌரவிக்கத்தான் தொலைநோக்கு வேண்டும், குழு வேண்டும், துணைக்குழு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தலைவர் வேண்டும். அக்ராவில் உள்ள எங்கள் நோயெதிர்ப்பு உயர் ஆய்வு நிறுவனத்துக்கு இவை அனைத்தும் குறைவில்லாமல் வாய்த்திருந்தன. நான் அங்கே மக்கள் தொடர்பு அதிகாரி. பெயர் குவார்ட்டே. நிறுவனத்தில் நடக்கும் நல்ல காரியங்களை வெளியே சொல்வது என் வேலை. அதனால் எனக்கு வேலைப்பளு என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

பேராசிரியர் அஷோங் நோர்ட்டே எங்கள் நிறுவனத்தின் மாபெரும் பெருமை. இதை அவர் இறந்த அன்று பிற்பகல் கண்டுபிடித்தோம்.

அவர் ஆராய்ந்தது அடக்க ஏற்பிகளை. பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. எனக்கே புரிந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ரத்தத்தில் கொலைகாரச் செல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கிருமி குடிபுகுந்த செல்லைக் கண்டால் துளைபோட்டுக் கொன்றுவிடும். அப்படியானால் நம்மையே ஏன் கொன்று தீர்ப்பதில்லை? அவற்றின் மேல்தோலில் சின்னச் சின்னக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதிரே வரும் செல்லைத் தடவிப் பார்த்து, ‘நான் இந்த வீட்டு ஆள்’ என்ற அடையாளம் தட்டுப்பட்டால், ‘வேண்டாம், விடு’ என்று உள்ளே சேதி அனுப்பும். கொலைகாரன் அடங்கிவிடுவான். அந்தக் கைதான் அடக்க ஏற்பி.

“எல்லாரும் கத்தியைப் பத்திப் படிக்கிறாங்க குவார்ட்டே,” என்பார் பேராசிரியர். “நான் உறையைப் பத்திப் படிக்கிறேன். உறையில்லாத கத்தியை மடியில வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நிம்மதியா உக்கார முடியுமாய்யா?”

ஆனால் மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும் குழந்தைகளிடம் இந்தக் கைகள் அளவுக்கு மீறி முளைத்துவிடுகின்றன, உறைக்கு மேல் உறை போட்டு இறுக்கிக் கட்டியது மாதிரி, என்று அவர் நினைத்தார். கத்தி உள்ளேயே கிடக்கிறது. கிருமி வெளியே கொண்டாடுகிறது. அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் விலக்கிப் பிடித்தால் செல் விழித்துக்கொள்ளுமா? அதைப் பார்க்கத்தான் வோல்டா ஆறு கடலில் சேருகிற பக்கத்துக் கிராமங்களில் ஆண்டுக்கணக்காக அலைந்து, குழந்தைகளின் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து ஆழ்குளிர்ப் பெட்டிகளில் சேர்த்து வைத்திருந்தார். கைகளை விலக்கும் மருந்தும் வந்து சேர்ந்துவிட்டது. இயக்குநரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

எங்கள் இயக்குநர் டாக்டர் ஃப்ரிம்போங் எதிலும் அவசரப்படாத மனிதர். அவருடைய அறை வாசலில் போட்டிருந்த நாற்காலியில் காத்திருந்தபோதுதான் பேராசிரியருக்கு மாரடைப்பு வந்தது. அவர் போய்விட்டார் என்பது உணவு இடைவேளைக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை அவர் வழக்கம்போலக் காத்திருக்கிறார் என்றே எல்லாரும் நினைத்தோம். ‘கடைசி மூச்சு வரை ஒழுங்கு குலையாமல் காத்திருந்த பெருந்தகை’ என்று இயக்குநரின் இரங்கல் செய்தி அவரைப் புகழ்ந்தது. அந்தச் சொற்களை எழுதியது நான்தான் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பேராசிரியரின் சொந்த ஊர் தெஷி. அங்கே மீன் பிடித்தவர் மரத்தில் செய்த மீன் வடிவச் சவப்பெட்டிக்குள் படுத்துப் போவார். லாரி ஓட்டியவர் மரலாரிக்குள். மறுநாளே அவருடைய தம்பி வந்து நின்றார்.

“எங்க அண்ணன் எதை வெச்சு வாழ்ந்தாரோ, அந்த உருவத்துலதான் பெட்டி செய்யணும். எங்க குடும்பத்துல வெறும் பலகைப் பெட்டியில யாரும் போனதில்ல.”

இயக்குநர் முகத்தில் ஒளி படர்ந்தது. டென்மார்க்கிலிருந்து எங்கள் கூட்டாளிகள் இறுதிச் சடங்குக்கு வர விரும்புவதாக அப்போதுதான் தகவல் வந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் முன்னால் ஓர் அடக்க ஏற்பி, பளபளவென்று, தோள்களில் மிதந்து வருவதை அவர் மனக்கண்ணில் கண்டுவிட்டார். உடனே ‘பெட்டி வடிவமைப்பு மற்றும் உறுதிப்பாட்டுக் குழு’ உதயமானது. பேராசிரியரின் பரிசோதனையைப் பரிசீலிக்க வேண்டிய குழு அவர் ஆயுளில் ஒருமுறைகூடக் கூடியதில்லை. இந்தக் குழு அன்றே கூடியது. இறைச்சி பஃப்ஸும் மால்ட் பானமும் வந்தன. துக்கத்திலும் நிர்வாகம் தளரவில்லை.

குழுவில் இயக்குநர், கணக்கு அதிகாரி அக்பெகோ, செயலாளராக நான், விஞ்ஞானத்தின் சார்பில் டாக்டர் அக்வேலே. அக்வேலே பேராசிரியரின் மாணவி. அவர் போன பிறகு அந்த ஆய்வகத்தில் மிஞ்சிய ஒரே ஆள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. சிறப்பு அழைப்பாளராக, வயதுக்கு மரியாதையாக எல்லாரும் ‘அட்டா’ என்று அழைக்கும் தெஷியின் சவப்பெட்டித் தச்சர் டெய்கோ, காதில் செருகிய பென்சிலோடு வந்திருந்தார்.

அக்வேலே பலகையில் படம் வரைந்தாள். டெய்கோ தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இது என்ன டாக்டரம்மா, ரெட்டை மாங்காயா?”

“இல்ல அட்டா. செல்லுக்கு வெளியில நீட்டிட்டு இருக்கிற பகுதி. ரெண்டு உருண்டை, முழங்கை மடக்கின மாதிரி ஒண்ணோட ஒண்ணு சாஞ்சிருக்கும். இதாலதான் எதிர்ல வர்ற செல்லைத் தொட்டுப் பாக்கும்.”

“இந்தக் குச்சி?”

“காம்பு. தோலைத் துளைச்சிட்டு உள்ள போகுது.”

“அதுக்குக் கீழ?”

“வால். செல்லுக்குள்ள நீளமாத் தொங்கும். விஷயமே இதுலதான் இருக்கு.”

டெய்கோ பென்சிலை எடுத்துக் காதைக் குடைந்தார். “ஆளு எங்க படுப்பாரு?”

விஞ்ஞானம் அதுவரை கேட்காத கேள்வி.

“மாங்காய்ல தலையையும் நெஞ்சையும் வெச்சிரலாம்,” என்று டெய்கோவே வழிகாட்டினார். “ஆனா பேராசிரியரோட வயிறு இந்தக் காம்புக்குள்ள நுழையாது. எனக்குத் தெரியாதா அவரை? எங்க கடைக்குப் பக்கத்துலதான் கென்கேயும் பொரிச்ச மீனும் சாப்பிட வருவாரு. உக்காந்தார்னா லேசுல எந்திரிக்க மாட்டாரு.”

“காம்பைத் தடியாக்குங்க,” என்றார் இயக்குநர்.

“நெசத்துல காம்பு ஒல்லி சார்,” என்றாள் அக்வேலே.

“நெசத்துல பேராசிரியர் குண்டு,” என்றார் அக்பெகோ.

வாக்கெடுப்பில் காம்பு தடித்தது.

அடுத்து வால். அக்பெகோ தொண்டையைக் கனைத்தார். “இந்த வால் எதுக்குங்க? கால் முடிஞ்ச பிறகும் மரம் போயிட்டே இருக்கு. உள்ள தொங்குற சமாச்சாரம்னு டாக்டரே சொல்றாங்க. உள்ள இருக்கிறதை யார் பாக்கப் போறா? வெட்டிரலாமே.”

அக்வேலே எழுந்துவிட்டாள். “சார், வால் இல்லாட்டி இது வெறும் கை. தொடும், அவ்வளவுதான். செல்லுக்கு ‘கொல்லு’னு உத்தரவு வந்ததும் உள்ள என்ன நடக்கும் தெரியுமா? ஒரு மூலக்கூறு மேல இன்னொண்ணு முத்திரை குத்தும், அது அடுத்ததுக்குக் குத்தும், அப்படியே வரிசையா சேதி போகும். அதே முத்திரை இந்த வால் மேலயும் விழும். விழுந்ததும் ஒரு நொதி ஓடி வந்து வால்ல ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு, சுத்தி இருக்கிற முத்திரை எல்லாத்தையும் சுரண்டி எடுத்துரும். உத்தரவு அங்கேயே நின்னுரும். அடக்கறதே வால்தான் சார்.”

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “முத்திரையைச் சுரண்டறதா? யாரோட அனுமதியில?”

“அனுமதி… அது அப்படித்தான் சார் இருக்கு.”

“அப்ப அதைப் பொதுமக்கள் முன்னாடி காட்டவே கூடாது. குவார்ட்டே, குறிச்சுக்கோ. வால் நிர்வாக ஒழுங்குக்கு எதிரானது.”

“சார், இன்னொண்ணும் இருக்கு,” அக்வேலே குரல் உடைந்தது. “இதே குடும்பத்துல குட்டை வால் வெச்ச ஏற்பியும் இருக்கு. வெளியில பாத்தா அச்சு அசல் இதே மூஞ்சி. ஆனா அது அடக்காது. கொல்லு கொல்லுனு தூண்டிவிடும். வாலை வெட்டினா இது அடக்க ஏற்பியே கிடையாது, தூண்டு ஏற்பி. இந்த ரெண்டையும் குழப்பாதீங்கனுதான் அவர் வாழ்நாள் பூராக் கத்துனார். அவரையே அதுக்குள்ள வெச்சு அனுப்பப் போறீங்களா?”

“தூண்டறது நல்லதுதானேம்மா,” இயக்குநர் கனிவோடு சிரித்தார். “அடக்கு, தடு, நிறுத்துனு ஒரே எதிர்மறையா இருக்கு. இளைஞர்களுக்கு ஒரு ஊக்கம் வேண்டாமா?”

வால் வெட்டப்பட்டது. ‘பேராசிரியரின் தன்னடக்கத்தைப் போற்றும் வகையில் வால் அடக்கிச் செய்யப்படும்’ என்று தீர்மானத்தை எழுதினேன். நல்ல வாக்கியம் என்று இயக்குநர் என் தோளைத் தட்டினார்.

டென்மார்க் விருந்தினர்கள் வர மாதங்கள் ஆகும் என்று தெரிந்தது. எங்கள் நாட்டில் அது ஒரு சிக்கலே அல்ல. பிணவறையில் காத்திருக்கும் பழக்கம் எங்கள் பெரியவர்கள் எல்லாருக்கும் உண்டு. சிக்கல் மின்சாரத்தில் வந்தது. டும்சோர் மறுபடி தொடங்கிவிட்டது. ‘அணை, ஏற்று’ என்று பொருள். அணைப்பது மட்டும் ஒழுங்காக நடக்கும். பக்கத்து மருத்துவமனைப் பிணவறையில் கரண்ட் போனால் போனதுதான் என்று கேள்விப்பட்ட இயக்குநர் கலங்கிப் போனார். “நம்ம பேராசிரியரா? வேர்க்க வேர்க்கக் கிடக்கறதா?” என்றார். ஆயுள் முழுக்கப் பேராசிரியரின் அறைக்கு மின்விசிறி மறுத்தவர் அவர். அன்று எவ்வளவு மாறியிருந்தார் என்று பாருங்கள்.

எங்கள் நிறுவனத்தின் ஒரே ஜெனரேட்டர் பிணவறைக்கு இரவலாகப் போவதென்று முடிவானது. மேலே ஒரு மாலையும் போட்டோம்.

அக்வேலே வாசலில் குறுக்கே நின்றாள். “சார், கரண்ட் போனா ஆழ்குளிர்ப் பெட்டி என்ன ஆகும்? உள்ள இருக்கிறது உயிரோட இருக்கிற செல்லு. சூடேறினா எல்லாம் செத்துரும். அந்தப் புள்ளைங்கள்ல சிலது இப்ப உசுரோடவே இல்ல. மறுபடி போயி ரத்தம் கேக்க முடியாது.”

“உங்களுக்குப் பேராசிரியர் முக்கியமா, பெட்டி முக்கியமா?”

“அவரைக் கேட்டிருந்தா பெட்டினுதான் சொல்லியிருப்பார்.”

“அவர்தான் இப்ப சொல்ற நிலைமையில இல்லையே. அதனாலதான் அவர் சார்புல நான் முடிவெடுக்கறேன்.” இயக்குநர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெனரேட்டர் உருண்டது.

அந்த வாரமே ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அக்வேலே ஐஸ் கடைக்கும் ஆய்வகத்துக்குமாக ஓடினாள். மாலையில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி, அதன் மேலேயே தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “மீதிப் பெட்டி இருக்கே,” என்றேன்.

“இது கடலோரக் கிராமத்துப் புள்ளைங்க, குவார்ட்டே. அம்மாக்காரிங்க பேரு ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்,” என்றாள். அதற்குப் பொருத்தமான அறிக்கை வாசகம் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் எனக்கு மகோலா சந்தையில் ஒரு உத்தியோக வேலை இருந்தது. இறுதிச் சடங்குக்கு எல்லாரும் ஒரே மாதிரி உடுத்த, வாலில்லாத ஏற்பியை அச்சடித்த துணி. பேராசிரியரின் மனைவி கொர்கோ அம்மா அங்கேதான் துணிக்கடை வைத்திருக்கிறார். விதவையிடமே வாங்கினால் நல்லெண்ணம் வளரும் என்பது என் யோசனை. அக்வேலேயும் கூட வந்தாள்.

கொர்கோ அம்மா நான் காட்டிய படத்தை உற்றுப் பார்த்தார். “என்னதுடா இது, என் புருஷனோட மூட்டா?”

“உங்க கணவர் ஆராய்ச்சி பண்ணின ஏற்பி ஆன்ட்டி. துணி பூரா வரும்.”

“ஓஹோ. ஒரு கையெழுத்துக்கு அந்த மனுஷனை உங்க வாசல்ல உக்கார வெச்சே கொன்னீங்க. இப்ப துணியில குத்தி எல்லாரும் பின்னால ஒட்டிக்கிட்டு உக்காரப் போறீங்களா? போடா அங்கிட்டு.” பிறகு அக்வேலேயைப் பார்த்தார். “நீ ஏன் பொண்ணே இப்படிக் காஞ்சு கிடக்குற? சாப்பிட்டியா?”

அக்வேலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜெனரேட்டர், மாலை, செத்துப்போன பெட்டி. கொர்கோ அம்மா துணி மடிப்பதை நிறுத்தினார்.

“செத்தவரைக் குளுகுளுன்னு வெக்க, புள்ளைங்க ரத்தத்தைக் கெடுக்கிறாங்களா?”

“ஆமா ஆன்ட்டி.”

“அந்தப் பெட்டிக்காக அவர் வீட்டுப் பக்கமே வராம கிடந்தாரு. நான் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன், அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழு போன்னு.” கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். “அவரை எடுத்துட்டா மெஷின் திரும்பி வருமா?”

“அன்னைக்கே வரும்.”

“அப்ப வர்ற சனிக்கிழமை எடுக்குறோம். டென்மார்க்காரன் வரட்டும், பூ குடுக்கட்டும், போட்டோ எடுத்துக்கட்டும். என் புருஷனுக்கு இனி யார் வாசல்லயும் காத்திருக்கிற வேலை இல்ல. மச்சினனை நான் பாத்துக்கிறேன்.”

மைத்துனரை அவர் எப்படிப் ‘பார்த்துக்கொண்டார்’ என்று தெரியாது. வெள்ளிக்கிழமை அந்த மனிதர் மிகவும் அடக்கமாக இருந்தார்.

சவப்பெட்டிக்காகக் கொர்கோ அம்மா, அக்வேலே, நான் மூவரும் டெய்கோவின் பட்டறைக்குப் போனோம். ஏற்பி வாலில்லாமல், வர்ணம் காயாமல் நின்றது. டெய்கோ கையை விரித்தார். “இதைத் தர முடியாதும்மா. இயக்குநர் ஐயா பணம் கட்டிட்டாரு, அவர் சொல்லாம வெளியில விடக் கூடாதாம். வேணும்னா இது இருக்கு.” மூலையில் கிடந்த சாக்கை உருவினார். உள்ளே ஆளுயரச் சிவப்பு மிளகாய், பச்சைக் காம்போடு. “மிளகாய் வியாபாரி ஒருத்தருக்குச் செஞ்சது. மனுஷன் பிழைச்சுக்கிட்டாரு. இப்ப என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு.”

“மிளகாயா?” என்றார் கொர்கோ அம்மா.

“நல்ல மரம்மா. வயித்துப் பக்கம் தாராளம்.”

கொர்கோ அம்மா மிளகாயைத் தடவிப் பார்த்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். “அந்த ஆளு ஷிட்டோ மிளகாய்த் தொக்கு இல்லாம ஒரு வாய் கென்கே தின்னதில்லடி. வயித்துப் புண்ணுன்னு டாக்டர் சொன்னப்பவும் ஒளிச்சு வெச்சுத் தின்னாரு.” சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தபோதும் நிற்கவில்லை. கணவர் போன பிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். அக்வேலே அவரைப் பிடித்துக்கொண்டாள். டெய்கோ கௌரவமாக விலையைப் பாதியாகக் குறைத்தார்.

சனிக்கிழமை காலை பேராசிரியர் சிவப்பு மிளகாய்க்குள் படுத்து தெஷிக்குப் போனார். ஆற்றோரக் கிராமத்துத் தாய்மார்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள், பாடினார்கள். விதிமீறலை நேரில் கண்காணிப்பதற்காக நானும் போய், பாட்டில் கலந்துகொண்டேன்.

அக்வேலே அங்கே இல்லை. ஆசானின் குழியில் மண் போட வேண்டிய நேரத்தில் அவள் பிணவறை வாசலில் ஒரு ட்ரோட்ரோ வேனோடு நின்று காவலாளியிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாளாம்.

“பொணத்துக்கு அனுமதிச் சீட்டு இருக்கு. மெஷினுக்கு எங்க?”

“மெஷின் பொணத்தோட வந்தது. பொணத்தோட போகுது.”

“இப்படி ஒரு விதி இருக்கா?”

“இல்லாட்டி நீயே காட்டு, எந்த விதியில இது உள்ள வந்துச்சுன்னு.”

காவலாளிக்கு அது தெரியாததால், அவனே ஒரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றினான்.

மீதிப் பெட்டிகள் பிழைத்தன. அக்வேலே அலுவலகத்தில் விசாரித்தபோது, பேராசிரியரின் கோப்பில் ‘விண்ணப்பதாரர் காலமானதால் முடித்துவைக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். மறுக்கப்பட்டதாக எங்கும் இல்லை. அதுவே போதுமென்று பரிசோதனையைத் தொடங்கிவிட்டாள். சில வாரம் கழித்து என் அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“முழிச்சுக்கிச்சு குவார்ட்டே!”

“யாரு?”

“செல்லுங்க! அந்தக் கையை மருந்து வெச்சு மறைச்சதும் முழிச்சுக்கிச்சு. மலேரியா புகுந்த செல்லைத் தேடிப் போயி அடிக்குது. எல்லாப் புள்ளைங்க செல்லும் இல்ல, பாதிக்கு மேல. அவர் சொன்னது சரி. சரிடா!” என் மேசையில் ஓங்கித் தட்டினாள். பிறகு, “கேக்கத்தான் ஆள் இல்ல,” என்று மெல்லச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கிடையில் அடக்கம் முடிந்துவிட்ட செய்தி இயக்குநரை எட்டியது. பெரிய மனிதர், கோபப்படவில்லை. குழுவைக் கூட்டினார்.

“உடல் இல்லாதது நிகழ்ச்சியைப் பாதிக்குமா?”

“பாதிக்காதுங்க,” என்றார் அக்பெகோ. “தூக்கறவங்களுக்குச் சுமை கம்மி.”

ஆக, குறித்த நாளில் ‘மாபெரும் இறுதி மரியாதை’ நடந்தது. பந்தல், பித்தளை வாத்தியம், ஏற்பித் துணியில் ஊழியர்கள், கட்டட உயரத்துக்கு ஒலிபெருக்கிகள். அவற்றை முழக்க ஜெனரேட்டர் ஆய்வகத்திலிருந்து பந்தலுக்கு மறுபடி வந்தது. அன்று மட்டும் கரண்ட் போகக் கூடாதென்று அக்வேலே வேண்டிக்கொண்டிருந்தாள், எப்படியோ போகவில்லை. காலிப் பெட்டியை ஆறு பேர் காற்றில் இறகு போல ஏந்தி வந்தார்கள்.

டென்மார்க் பேராசிரியர் ஹென்ரிக்சன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். “நீள வாலைக் காணோமே. இது தூண்டு ஏற்பி இல்லையா?”

“ஆமா, தூண்டறதுதான்!” என்றார் இயக்குநர் பெருமிதமாக.

ஹென்ரிக்சன் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். “துணிச்சலான விளக்கம்,” என்று கண்ணீர் மல்கக் கைகுலுக்கினார்.

அக்வேலேயைப் பேச அழைத்தார்கள். குழந்தைகளின் செல்கள் விழித்துக்கொண்டதை அவள் சொன்னபோது வாத்தியக்காரர்கள்கூடக் காது கொடுத்தார்கள். ஹென்ரிக்சன் எழுந்து நின்று கைதட்டினார். “அற்புதம்! அடுத்த கட்டத்துக்கு உங்களுக்கு என்ன வேணும் டாக்டர்?”

“ஒரு புது ஜெனரேட்டர்.”

ஹென்ரிக்சன் வருத்தத்தோடு உட்கார்ந்தார். “எங்க நிதி விழாவுக்கும் பயணத்துக்கும் மட்டும்தான்.”

உடனே எங்கள் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பற்றினார். “டாக்டர் அக்வேலே கேட்டதை இந்த நிறுவனம் கொடுக்கும்! இது என் வாக்கு!” கூட்டம் ஆர்ப்பரித்தது. வாத்தியம் முழங்கியது. அந்த முழக்கத்தில்தான் ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமி, கரும்புகை விட்டு, நிரந்தரமாக நின்றது.

மறுவாரம் நான் ஆய்வகத்தில் இருந்தபோது டெய்கோ உள்ளே வந்தார். கையில் அளவு நாடா.

“கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க டாக்டரம்மா.”

“எதுக்கு அட்டா?”

“அளவெடுக்க. இயக்குநர் ஐயா ஆர்டர் குடுத்துட்டாரு, முன்பணமும் வந்துருச்சு. உங்க ஆபீஸ் மாதிரி சுறுசுறுப்பா ஒரு ஆபீஸை நான் பாத்ததில்ல.”

“எனக்கா? எனக்கு என்ன கேடு? நான் நல்லாத்தான இருக்கேன்?”

“அதையேதான் நானும் கேட்டேம்மா. ஒண்ணும் அவசரம் இல்ல, தயாரா இருக்கட்டும்னு சொன்னாரு. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, அளவு மாறிடும்.”

“என்ன உருவத்துல?” என்று நான் கேட்டேன்.

“ஜெனரேட்டர்,” என்றார் டெய்கோ நாடாவை விரித்தபடி. “அசல் சைஸு. புகைக்குழாய், டீசல் டேங்கு, சாவி எல்லாம் வெச்சு. அம்மா ரொம்ப நாளா அதைத்தான் கேட்டுட்டு இருக்காங்களாமே.”

ஆகவே பத்திரிகை நண்பர்களுக்கு மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் ஒரு வேண்டுகோள். எங்கள் நிறுவனம் டாக்டர் அக்வேலேவுக்கு ஜெனரேட்டர் தர மறுத்துவிட்டது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மறுக்கவே இல்லை. ஒதுக்கீடு முடிந்து மரமும் அறுத்தாகிவிட்டது. அவர் செத்துக் காட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.